பாலியில கடலோரம் தங்கணும், ராத்திரி ஆட்டமும் பாக்கணும்: நுசா துவாவா, சனூரா?

போன ஜூன் கடைசியில பத்து நாள் பாலி போயிட்டு வந்தோம், நான், வீட்டுக்காரர், அம்மா, எட்டு வயசு பொண்ணு. முதல் மூணு ராத்திரி நுசா துவாவுல ஒரு பெரிய ரிசார்ட், மிச்ச ஏழு ராத்திரி சனூர்ல மண்ணை ஒட்டி ஒரு பழைய ஓட்டுக்கூரை ஹோட்டல். பத்து நாளும் ரிசார்ட்னா கட்டுப்படியாகாது, அதனாலதான் பிரிச்சோம், பெரிய ஆராய்ச்சியெல்லாம் இல்ல. வந்ததுலேந்து நாலு பேராவது எங்க தங்கலாம்னு கேட்டாச்சு, அதான் ஒரே தடவையா எழுதிடறேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் சனூர் கட்சி.

ரூம், படுக்கை, பிரேக்ஃபாஸ்ட், ஸ்விம்மிங் பூல் இதுல எல்லாம் நுசா துவாதான் ஜெயிக்கும், பேச்சே இல்ல. மணலை காலையில பெருக்கி கோடு போட்டு வெச்சிருக்காங்க. கேட்ல வண்டிக்கு அடியில கண்ணாடி விட்டு பாக்கறாங்க. ஏர்போர்ட்லேந்து கடல் மேலயே போற 12.7 கிலோமீட்டர் டோல் ரோடு வேற இருக்கு, 2013-ல திறந்தது, அதுல போறதே பொண்ணுக்கு ஒரு ரைடு மாதிரி இருந்துச்சு. சனூர் ரூம்ல ஏசி உறுமும், பாத்ரூம்ல பல்லி உண்டு, ஆனா வாடகை மூணுல ஒரு பங்கு.

கடல் விஷயத்துல ரெண்டும் கிட்டத்தட்ட சமம், இதை மட்டும் யாரும் முன்னாடி சொல்ல மாட்டேங்கறாங்க. ரெண்டுமே கிழக்கு பாத்த கரை, ரெண்டுலயும் கொஞ்ச தூரத்துல பவளப்பாறை இருக்கு, அலை அங்கயே உடைஞ்சுடும், அதனால குழந்தை பயமில்லாம இறங்கலாம். ஆனா தண்ணி வத்தற நேரம் வந்தா கடல் பாட்டுக்கு எழுந்து போயிடும், பாசியும் கல்லுமா சேறு தெரியும், முட்டி அளவு தண்ணி வேணும்னாலும் நடந்துகிட்டே இருக்கணும். கடலுக்கு முன்னாடியே ரூம்னு காசு குடுத்துட்டு கடலைத் தேடற கதைதான். ஏற்ற இறக்க நேரம் தினமும் முக்கா மணி, அம்பது நிமிஷம் தள்ளிப்போகும், பௌர்ணமி அமாவாசையை ஒட்டி ரொம்பவே வத்தும், புக் பண்றதுக்கு முன்னாடி அந்த வார டைட் டேபிளை ஒரு தடவை பாத்துடுங்க. சூரிய அஸ்தமனமும் அலையும் வேணும்னா குட்டா பக்கம் மேற்குக் கரைதான், ஆனா அங்க நாங்க ஒரு சாயங்காலம் உக்காந்து சோளம் சாப்பிட்டதோட சரி, தங்கல, அதனால தீர்ப்பு சொல்ல மாட்டேன். டிசம்பர்லேந்து பிப்ரவரி வரைக்கும் மேற்குக் காத்துல பிளாஸ்டிக் குப்பை அந்தக் கரையிலதான் வந்து ஒதுங்கும், அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். பாலிக்கு வெறும் கடலுக்காக யாரும் போறதில்ல, ஆட்டம் பாட்டம் பாக்கணும்னுதான் போறோம். ஆட்டமெல்லாம் ராத்திரியில, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மூலையில. அப்போ எங்க தங்கறதுன்னு முடிவு பண்ண வேண்டியது ஆட்டம் முடிஞ்சு தூங்கற குழந்தையைத் தோள்ல போட்டுகிட்டு ரூமுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறதை வெச்சுத்தான். போகும்போது எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும், தூரம் தெரியாது. திரும்பற வழிதான் கொல்லும்.

நாங்க இதை ரெண்டு பக்கமும் தப்பா பண்ணோம். நுசா துவாவுல இருந்தப்ப, கடலை விட்டு உள்ள தள்ளி இருக்கற உபுத் ஊர் அரண்மனைக்குப் போனோம். புரி சரேன்ங்கற அந்த அரண்மனை முற்றத்துல தினமும் ராத்திரி ஏழரைக்கு ஆட்டம், அன்னைக்கு லெகோங், பொண்ணுங்க ஆடற பாலி ஆட்டம். கண்ணை சட்டுனு ஒரு பக்கம் வெட்டி நிறுத்தறாங்க பாருங்க, பரதம் பாத்துப் பழகின அம்மாவே நிமிந்து உக்காந்துட்டாங்க. முடிஞ்சது ஒன்பது மணி. வெளிய வந்து போன்ல ஆப் டாக்சி போட்டா ஒருத்தரும் உள்ள வர மாட்டேங்கறாங்க, ஊர் டிரைவர்கள் ஆப் வண்டி ஏத்தக்கூடாதுன்னு போர்டே வெச்சிருக்காங்க. அப்புறம் போன உலுவத்துலயும் இதே கதைதான். கடைசியில ஊர் வண்டி ஒண்ணு பேசி நுசா துவா வந்து சேர ஒன்றரை மணி நேரம்.

சனூருக்கு மாறினப்புறம் உலுவத்து கோயில்ல நடக்கற கெச்சாக் ஆட்டத்துக்குப் போனோம், அதுவும் தலைகீழ் தப்பு, ஏன்னா உலுவத்து தெற்கு முனை, நுசா துவாவுலேந்துதான் கிட்ட. ஆறு மணிக்கு ஆரம்பம். சீட் நம்பர் கிடையாது, அஞ்சுக்கே போனாதான் கடல் தெரியற வரிசை கிடைக்கும். டிக்கெட் ஒண்ணரை லட்சம் ரூபியா, பயந்துடாதீங்க, ஒரு லட்சம் ரூபியான்னா நம்ம காசுல ஐநூத்து சொச்சம்தான். வாத்தியமே கிடையாது, அம்பது அறுவது ஆம்பளைங்க வட்டமா உக்காந்து சக்-சக்-சக்னு வாயாலயே தாளம், நடுவுல ராமாயணம். பாஷை ஒரு வார்த்தை புரியாட்டியும் எங்க பொண்ணு பக்கத்துல இருந்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு இது சீதை, அது மாரீசன்னு கையை ஆட்டி விளக்கிகிட்டு இருந்தா. இது ஏதோ ஆயிரம் வருஷத்து ஆட்டம்னு நெனச்சேன், 1930-கள்ல உருவானதாம், சாமியாடற ஒரு பழைய சடங்குலேந்து எடுத்து, அங்க வாழ்ந்த வால்டர் ஸ்பீஸ்ங்கற ஜெர்மன் ஓவியரோட யோசனையும் சேர்ந்து. அதனால ஒண்ணும் குறைஞ்சுடல, அனுமார் நெருப்பு வளையத்தை எத்தி விடறப்ப முன் வரிசை மொத்தமும் காலைத் தூக்கிடுச்சு. (மூக்குக் கண்ணாடி போட்டவங்க ஜாக்கிரதை, அங்க நிஜ குரங்குங்களும் இருக்கு, அதுங்களுக்கு ரிகர்சல் தேவையில்ல.) ஏழே காலுக்கு எழுந்தோம், அத்தனை கூட்டமும் ஒரே ரோட்டுல இறங்குது, சனூர் ரூம் வாசலுக்கு வந்தப்ப ஒன்பதே கால். நுசா துவாவா இருந்தா எட்டரைக்கு சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கலாம். இந்த ஒரு இடத்துல நுசா துவாவுக்கு முழு மார்க்.

அப்புறம் ஏன் சனூர்னு கேப்பீங்க. உலுவத்து ஒரு ராத்திரிதான். மத்த ராத்திரிகளுக்கு உபுத் சனூர்லேந்து ஒரு மணிக்குள்ள, காலை ஒன்பதரைக்கு பாரோங் ஆட்டம் (சிங்கம் மாதிரி வேஷம் கட்டி ஆடறது) நடக்கற பத்துபுலான் ஊர் அந்த ரோட்டுலயேதான். பாலியோட தலைநகர் தென்பசார் டவுனோ கூப்பிடு தூரம்.

அந்த தென்பசார்தான் எனக்கு முடிவா போச்சு. 1979-லேந்து வருஷா வருஷம் ஜூன் நடுவுல ஆரம்பிச்சு ஒரு மாசம் அங்க பாலி கலைவிழா நடக்குது. எங்களுக்கு இது தெரியவே தெரியாது, ஹோட்டல்ல துணி மடிக்கற அக்காதான், என் தங்கச்சி பொண்ணு ஆடறா, வந்து பாருங்கன்னு சொன்னாங்க. இருபது நிமிஷத்துல போய்ட்டோம். டிக்கெட்டே இல்ல. திறந்தவெளி அரங்கம், படியெல்லாம் உள்ளூர் ஜனம், மேடைக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டத்து கமெலான் குழு (வெண்கலத் தட்டு வாத்தியங்க), அந்தப் பக்கம் இன்னொரு மாவட்டம், மாத்தி மாத்தி அடிக்கறாங்க. நம்ம ஊர்ல ரெண்டு நாதஸ்வர செட்டு போட்டி போட்டா எப்படி இருக்கும், அப்படி. ஒரு குழு வேகம் எடுத்து டக்குனு நிறுத்தினா அந்த ஊர்க்காரங்க விசிலடிக்கறாங்க, எதிர் ஊர்க்காரங்க கேலியா ஓன்னு கத்தறாங்க. நடுவுல முகமூடி போட்டு ரெண்டு கோமாளிங்க வந்தாங்க, கூட்டம் வயித்தைப் பிடிச்சுகிட்டு சிரிக்குது, எங்களுக்கு ஒரு மண்ணும் புரியல, ஆனா அம்மா அவங்களைப் பாத்தே சிரிச்சாங்க. வெளிய வந்தா தங்க கிரீடம், முகம் பூரா மேக்கப்போட ஆறு ஏழு வயசு பொண்ணு ஒண்ணு நடைபாதையில உக்காந்து கப் நூடுல்ஸ் சாப்பிடுது, கிரீடத்துப் பூ சூப்புல விழுந்துடக்கூடாதுன்னு அவங்க அம்மா பின்னாடிலேந்து ஒரு கையால தூக்கிப் பிடிச்சுகிட்டு நிக்கறாங்க. எங்க பொண்ணும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப நேரம் பாத்துகிட்டாங்க. பத்து மணிக்கு ரூம்ல தூங்கியாச்சு. அடுத்த நாளும் போனோம், அதுக்கு அடுத்த நாளும்.

ரிசார்ட்லயும் கலாச்சார இரவுன்னு ஒண்ணு வெச்சாங்க. பூல் ஓரமா பஃபே, பூ தூவி வரவேற்பு ஆட்டம், லெகோங்ல ஒரு துண்டு, கடைசியில விருந்தாளிங்களை மேடைக்கு இழுத்து ஆட விடறது, மொத்தம் நாப்பது நிமிஷம். ஆடினவங்க நல்லாத்தான் ஆடினாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்து டேபிள்ல நண்டு உடைக்கற சத்தம் கமெலானை விட ஜாஸ்தி. அந்த ஒரு ஆள் காசுல உலுவத்து டிக்கெட் நாலு வாங்கலாம். அப்புறமா படிச்சப்பதான் காரணம் புரிஞ்சுது, 1970-கள்ல நுசா துவாவைத் திட்டம் போட்டதே டூரிஸ்டை கிராமத்துலேந்து ஒதுக்கி ஒரு இடத்துல வெக்கணும், ஊர் வழக்கம் கெடக்கூடாதுன்னுதான். அதே காலத்துல, 1971-ல, ஆட்டங்களையும் கோயிலுக்குள்ள ஆடறது, சடங்கை ஒட்டி ஆடறது, வேடிக்கைக்கு ஆடறதுன்னு மூணா பிரிச்சாங்க, 2015-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறினதும் இந்த மூணு வகையும்தான். ரிசார்ட்டுக்கு வர்றது மூணாவது மட்டும், அதுலயும் சுருக்கினது. அவங்க பக்கத்துலேந்து பாத்தா நியாயம்தான், என் பக்கத்துலேந்து பாத்தா ஃபிளைட் ஏறி அவ்வளவு தூரம் போய் பாக்கற ஆட்டம் அது இல்ல.

சனூர்ல இன்னொண்ணு, தென்னைமரத்துக்கு மேல கட்டடமே தெரியாது. 1966-ல அங்க பத்து மாடி ஹோட்டல் ஒண்ணு வந்தப்புறம்தான் 15 மீட்டருக்கு மேல கட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்களாம். கடலோரமா அஞ்சு கிலோமீட்டர் நடைபாதை இருக்கு, காலையில ஆறு மணிக்கு அம்மா தனியாவே நடந்துட்டு வந்துடுவாங்க, வழியில மூலைக்கு மூலை தென்னங்குருத்துத் தட்டுல பூ, அரிசி, ஊதுபத்தி வெச்சிருக்கறதை மிதிக்காம தாண்டறதுதான் அவங்களுக்கு எக்சர்சைஸ். சாயங்காலம் ஆனா கடைங்க சீக்கிரமே அடங்கிடும், பார், டிஜேன்னு தேடற வயசுக்காரங்களுக்கு போர் அடிக்கும்.

கைக்குழந்தையோட போறவங்க, முட்டி வலி இருக்கறவங்க, ஆட்டம் ஒரு தடவை பாத்தா போதும்னு நினைக்கறவங்க நுசா துவாவே போடுங்க, கெச்சாக்கை அங்க இருக்கும்போதே முடிச்சுடுங்க. ஜூன் ஜூலை தவிர மத்த மாசம்னா கலைவிழா இருக்காது, நாங்க வேற மாசத்துல போனதில்ல, அப்ப சனூருக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குவேனான்னு சொல்லத் தெரியல, ஆனா உபுத் கணக்கு அப்பவும் மாறாது. எங்க தங்கினாலும் ஆட்டம் பாக்கற அன்னைக்கு ஆப்பை நம்பாம டிரைவரோட வண்டியை நாள் முழுக்கப் பேசிடுங்க, நாங்க பத்து மணி நேரத்துக்கு ஏழு லட்சம் ரூபியா குடுத்தோம், பெட்ரோல் சேத்து, பார்க்கிங் தனி. ஆட்டம் முடியற வரைக்கும் வெயிட் பண்ணுவீங்களான்னு ஏறும்போதே கேட்டுடுங்க.