வங்கி அதிகாரி வாயால் சொன்னதை நம்பி நீண்டகாலக் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

நிறுவனத்துக்காக வங்கியில் நீண்டகாலக் கடன் வாங்கப்போகிறவர்களும், வாங்கிவிட்டு ஒப்பந்தத்தை பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் ஒரு நடுத்தர நிறுவனத்தில் நிதிப் பொறுப்பில் இருப்பவன். நாங்கள் ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. வட்டியோ அசலோ ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை. ஆனாலும் எங்கள் 7 வருடக் கடன் ஒரு டிசம்பர் 31ஆம் தேதி, வங்கி நினைத்தால் அன்றைக்கே முழுவதையும் திருப்பிக் கேட்கக்கூடிய கடனாகிப் போனது. காரணம், மூன்று வாரம் தாமதமாக வந்த ஒரு கடிதம்.

2017இல் டாலரில் தவணையாக அடைக்கும் ஒரு டெர்ம் லோனும், தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் சுழல் கடன் வசதியும் ஒரே வங்கியில் வாங்கினோம். முதலில், கடனின் முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் நான்கு பக்க டெர்ம் ஷீட் வந்தது. அதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: கணக்கியல் விதிகள் மாறினால், நிதி விகிதங்கள் பழைய விதிப்படியே கணக்கிடப்படும். அந்த வரியை நான் கேட்டுத்தான் போட்டார்கள். ஏனென்றால் குத்தகைகளைப் பற்றிய ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் கணக்கியல் தரம் 2016 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்குக் குத்தகைக் கிடங்குகளும் வாகனங்களும் நிறைய.

முழு ஒப்பந்தம் வந்தது கையெழுத்துக்கு முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு. 146 பக்கம். மறுநாள் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. நான் போனில் கேட்டபோது வங்கி அதிகாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “டெர்ம் ஷீட்ல இருக்கறதுதான் சார் அப்படியே விரிவா எழுதியிருக்கு. மத்ததெல்லாம் எல்லாருக்கும் போடற வாசகம்தான்.” வட்டி, தவணை அட்டவணை, அடமானப் பகுதி, இந்த மூன்றையும் இரவு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். நிதி விகிதங்களின் விளக்கம் பின்னிணைப்பில் இருந்தது. அதில் எண்களை மட்டும் சரிபார்த்தேன், வாசகத்தைப் படிக்கவில்லை. என்னுடைய தவறு அது ஒன்றுதான், ஆனால் பெரிய தவறு.

அந்த வரி ஒப்பந்தத்தில் இல்லை. அது மட்டுமல்ல, கடைசிக்கு முந்தைய பக்கத்தில் “இந்த ஒப்பந்தமே முழுமையானது, இதற்கு முந்தைய கடிதங்கள், பேச்சுகள், டெர்ம் ஷீட் எதுவும் செல்லாது” என்ற பொருளில் ஒரு ஷரத்தும் இருந்தது. அதாவது டெர்ம் ஷீட்டில் நான் போராடி வாங்கிய வரியை, நானே கையெழுத்துப் போட்டு அழித்திருக்கிறேன். வரைவைத் தயாரித்தவர் வங்கியின் வக்கீல். அவருக்கு பீஸ் கட்டியது நாங்கள். கடன் வாங்குகிறவர்தான் கடன் கொடுப்பவரின் வக்கீல் செலவையும் ஏற்பது இந்தத் தொழிலில் வழக்கம். பணம் நாம் கட்டுகிறோம் என்பதால் அவர் நமக்கும் சேர்த்துப் பார்ப்பார் என்ற ஒரு நினைப்பு தன்னையறியாமல் வந்துவிடுகிறது. தயவுசெய்து உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலை வையுங்கள்.

இப்போது விகிதக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அடி எங்கே விழுந்தது என்று புரியும். பெரும்பாலான கடன் ஒப்பந்தங்களில் கோவனன்ட் என்று சில நிபந்தனைகள் இருக்கும். அவற்றில் முக்கியமானது, நிறுவனத்தின் மொத்தக் கடன் அதன் எபிட்டாவைப் போல எத்தனை மடங்கு என்பது. எபிட்டா என்றால் வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம். எங்களுக்கு உச்ச வரம்பு 3.0. ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் 31ஆம் தேதி நிலவரப்படி சோதனை.

எங்கள் கணக்கை எளிமையாக்கிச் சொன்னால், எபிட்டா 100 என்று வையுங்கள், கடன் 290. விகிதம் 2.9, வரம்புக்குள். ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்ததும், எதிர்காலக் குத்தகைத் தொகைகளின் இன்றைய மதிப்பு 60 கடன் பக்கம் ஏறியது. ஆண்டு வாடகை 12 செலவுக் கணக்கிலிருந்து விலகி, தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறியதால் எபிட்டா 112 ஆனது. 350ஐ 112ஆல் வகுத்தால் 3.125. வாடகை அதேதான், கிடங்கு அதேதான், கையில் வரும் பணமும் அதேதான். எழுதும் முறை மாறியதால் மட்டும் நிபந்தனை மீறப்பட்டது.

இதை 2019 அக்டோபரிலேயே வரைவுக் கணக்கில் பார்த்துவிட்டேன். அன்றே அதிகாரியிடம் நேரில் போனேன், டெர்ம் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு. அவர் அதைப் பார்த்துவிட்டு, “ஓ, இது விட்டுப்போச்சா? பரவாயில்ல சார், ஒரு வெய்வர் லெட்டர் கொடுத்துடலாம், நீங்க கவலைப்படாதீங்க” என்றார். வெய்வர் என்றால் இந்த மீறலை வங்கி பொறுத்துக்கொள்கிறது என்ற கடிதம். எனக்கு அது டிசம்பர் 31க்குள் கையில் வேண்டும் என்று சொன்னேன். மின்னஞ்சலிலும் எழுதினேன். நவம்பரில் நினைவூட்டினேன். டிசம்பர் 18ஆம் தேதி போன் செய்தபோது வந்த பதில்: “கமிட்டி ஜனவரியிலதான் கூடுது சார். ஒரு மாசம் முன்னப் பின்ன ஆனா என்ன, எப்படியும் கொடுக்கத்தானே போறோம்.”

என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. ஐஏஎஸ் 1 என்ற கணக்கியல் தரத்தின்படி, கணக்கு முடியும் நாளில் நிபந்தனை மீறப்பட்டு, அதனால் கடனை உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு வந்திருந்தால், மொத்தக் கடனையும் நடப்புப் பொறுப்பாகவே, அதாவது ஒரு வருடத்துக்குள் அடைக்க வேண்டிய கடனாகவே, காட்ட வேண்டும். வங்கி பிறகு மனமிரங்கி “கேட்கமாட்டோம்” என்று எழுதிக் கொடுத்தாலும், அது கணக்கு முடிந்த நாளுக்குப் பிறகு வந்திருந்தால் செல்லாது. வெய்வர் அந்த நாளுக்குள் வந்திருக்க வேண்டும், அதிலும் அந்த நாளிலிருந்து குறைந்தது 12 மாதம் அவகாசம் தருவதாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு வந்த வெய்வர் கடிதத்தின் தேதி 2020 ஜனவரி 21.

உள்ளே இருந்ததையும் சொல்கிறேன். வெய்வர் அந்த ஒரு சோதனைக்கு மட்டும். அதற்குக் கட்டணம், நிலுவைத் தொகையில் 0.50 சதவீதம். விகிதம் மறுபடி வரம்புக்குள் வரும்வரை வட்டியில் 0.75 சதவீதப் புள்ளிகள் கூடுதல். டிவிடெண்ட் கொடுக்கத் தடை. மாதாமாதம் அறிக்கை. கடைசிப் பத்தியில், வங்கி தன் மற்ற உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற வாசகம். அவர்கள் வக்கீல் விட்ட வரிக்கு நாங்கள் கொடுத்த விலை இது. அவர் இந்தக் கடிதத்துக்கும் பீஸ் பில் அனுப்பினார்.

ஆடிட்டர் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை. நீண்டகாலக் கடன் என்ற தலைப்பில் இருந்த தொகை முழுவதும் நடப்புப் பொறுப்புக்குப் போனது. நடப்பு விகிதம், அதாவது ஒரு வருடத்துக்குள் பணமாகக்கூடிய சொத்து அதே காலத்துக்குள் அடைக்க வேண்டிய பொறுப்பைப் போல எத்தனை மடங்கு என்பது, 1.6இலிருந்து 0.7க்கு விழுந்தது. நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் பெரிய நிச்சயமின்மை இருக்கிறது என்ற பத்தி அறிக்கையில் ஏறியது. அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதியை முதலாளியின் மேசையில் வைத்த நாளை என்னால் மறக்க முடியாது. அவர் இரண்டு முறை படித்தார். “நாம எல்லாத் தவணையும் கட்டிட்டுத்தானே இருக்கோம்?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். எங்களுக்கு இன்னொரு நிறுவனத்திடம் சிறிய இயந்திரக் கடன் ஒன்று இருந்தது. அதில் நடப்பு விகிதம் 1.1க்குக் குறையக்கூடாது என்று நிபந்தனை. 0.7ஐக் காட்டும் பேலன்ஸ் ஷீட் அவர்கள் கைக்குப் போனதும் அங்கே டிஃபால்ட், அதாவது ஒப்பந்த மீறல். முதல் வங்கியின் ஒப்பந்தத்தில் கிராஸ் டிஃபால்ட் ஷரத்து இருந்தது: வேறு எந்தக் கடனில் டிஃபால்ட் ஆனாலும் இங்கேயும் டிஃபால்ட். ஆக, ஒரு மீறலுக்குக் காசு வாங்கிக்கொண்டு வெய்வர் கொடுத்த அதே வங்கி, அந்தத் தாமதத்தால் பிறந்த இன்னொரு டிஃபால்ட்டைக் காட்டி ஏப்ரலில் சுழல் கடன் வசதியை நிறுத்திவைத்தது. அந்த வசதியில் எடுக்காத தொகைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிட்மென்ட் பீஸ் கட்டிக்கொண்டிருந்தோம். அவசரத்துக்குப் பணம் தயாராக இருக்கும் என்பதற்காகத்தானே அந்தக் கட்டணம்? அவசரம் வந்த மாதத்தில் கதவைச் சாத்தினார்கள். எந்த வருடத்து ஏப்ரல் என்பதைக் கவனியுங்கள்: 2020, கொரோனா காலம். நாங்கள் பணம் தராவிட்டால் சரக்கு கொடுப்பவர்களுக்கு ஈடு தரும் காப்பீட்டு நிறுவனம் எங்களுக்கான வரம்பைக் குறைத்தது, பாதிப் பேர் முன்பணம் கேட்டார்கள்.

இயந்திரக் கடன் கொடுத்த நிறுவனம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று சொல்ல வேண்டும். நிலைமையை விளக்கியதும் பத்து நாளில், கட்டணம் எதுவும் இல்லாமல், எழுத்தில் வெய்வர் கொடுத்தார்கள். சின்ன நிறுவனம், இரண்டு பேர் உட்கார்ந்து கணக்கைப் படித்தார்கள், அவ்வளவுதான். அதன்பிறகே சுழல் கடன் வசதி திரும்பத் திறந்தது.

வேறு வங்கிக்கு மாறப் பார்த்தோம். நிச்சயமின்மைப் பத்தி உள்ள கணக்கோடு யாரும் உள்ளே விடவில்லை. முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் வேறு. எனவே அதே வங்கியில்தான் காலத்தை ஓட்டினோம்.

அடுத்த நான்கு வருடமும் அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு தாளையும் நான் கால்குலேட்டரோடுதான் படித்தேன். அப்படிப் படித்ததில் இரண்டு விஷயம் சிக்கியது. முதலாவது நாள் கணக்கு. ஒப்பந்தத்தில் வட்டி 365 நாளுக்குப் பதில் 360 நாளை வைத்துக் கணக்கிடப்படும் என்று இருந்தது. 7.2 சதவீதம் என்று பேசிய வட்டி அப்படிக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7.3 ஆகிறது. டாலர் கடன்களில் இது வழக்கம், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வங்கிகளின் வட்டியை ஒப்பிடும்போது ஒன்று 365, ஒன்று 360 என்றிருந்தால் ஒப்பீடே தப்பு.

இரண்டாவது விஷயம் அப்படிப்பட்டதல்ல. எங்கள் வட்டி, வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியை வைத்து வெளியிடப்பட்ட லைபார் என்ற அளவுகோல் விகிதத்தோடு கட்டப்பட்டது. டாலர் லைபாரின் முக்கிய விகிதங்கள் 2023 ஜூன் 30ஓடு நின்றன, அதற்குப் பதில் சோஃபர் என்ற வேறொரு அளவுகோல் விகிதம் வந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்ட, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சரிக்கட்டும் எண் 2021 மார்ச்சிலேயே நிலையாக நிர்ணயிக்கப்பட்டுவிட்டது: மூன்று மாத விகிதத்துக்கு 0.26161 சதவீதம், ஆறு மாத விகிதத்துக்கு 0.42826 சதவீதம். எங்கள் வட்டிக் காலம் மூன்று மாதம். வங்கி அனுப்பிய திருத்தக் கடிதத்தில் இருந்தது 0.42826. கையெழுத்துப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 0.16665 சதவீதம், யாரும் கவனிக்காத தசம எண்ணாக, கடன் முடியும்வரை போயிருக்கும். இந்த முறை போனில் பேசவில்லை. எழுத்தில் கேட்டேன். நான்காம் நாள் “தட்டச்சுப் பிழை” என்று திருத்திய கடிதம் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி அதில் இல்லை.

இப்போது ஒப்பந்தம் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு: டெர்ம் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எண் எழுத முடியாத வரி விடுபட்ட வரி. படிக்க ஒரு வாரம் கேளுங்கள், கொடுக்காவிட்டால் கையெழுத்துத் தேதியைத் தள்ளுங்கள். கடன், எபிட்டா என்ற இரண்டு சொல்லுக்கும் உள்ள விளக்கத்தை ஆடிட்டரைக் கூடவே உட்காரவைத்துப் படியுங்கள். உங்கள் எல்லாக் கடன்களின் நிபந்தனைகளையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள், ஒன்று விழுந்தால் எது எது விழும் என்பது அதில்தான் தெரியும். கிராஸ் டிஃபால்ட் ஷரத்தில் ஒரு குறைந்தபட்சத் தொகை கேளுங்கள், அதற்குக் கீழே உள்ள கடன்களின் பிரச்சினை இங்கே தொற்றாதபடி.

ஏற்கெனவே கடன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐஏஎஸ் 1இல் செய்த திருத்தங்கள் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கின்றன. நீண்டகாலக் கடன் என்று நீங்கள் காட்டும் கடனில், அடுத்த 12 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் இருந்தால், அவை என்ன, நிறைவேற்றுவதில் சிரமம் இருக்கலாமா என்பதைக் குறிப்புகளில் வெளியிட வேண்டும். உங்கள் கணக்கைப் படிக்கும் சப்ளையர் இனி அதையும் படிப்பார்.

எங்கள் பழைய கடன் 2024இல் முடிந்தது. புதுக் கடன் வேறு இடத்தில். பழைய டெர்ம் ஷீட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்த அந்த வரி, புதிய ஒப்பந்தத்தில் 88ஆம் பக்கத்தில் இருக்கிறது. வெய்வர் கேட்டால் 20 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற ஷரத்து 91ஆம் பக்கத்தில்.