உப்புக்காற்று வீட்டில் பழைய வீடியோ கேம்கள்: சில வருட அனுபவம்

பழைய கேம்களை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று தேடினால், வெயில் படக்கூடாது, தூசி படக்கூடாது என்ற இரண்டு அறிவுரைகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. சென்னையில், அதுவும் கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் வீட்டில், முதல் எதிரி ஈரம். அடுத்தது சூடு. தூசியெல்லாம் அப்புறம்தான். கொரோனாவுக்கு முன்பிருந்தே சேர்த்து வருகிறேன். எத்தனையோ மழைக்காலம், கத்திரி வெயில் பார்த்த பிறகு எது தாக்குப்பிடிக்கிறது, எது வீண்செலவு என்று ஓரளவு தெளிவாகிவிட்டது.

என்னிடம் இருப்பவை: தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற ‘டிவி கேம்’ செட்டுகள், அவற்றின் கேசட்டுகள், ஜப்பானிலிருந்து வரவழைத்த நின்டெண்டோவின் ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் கன்சோல்கள், ஒரு மெகா டிரைவ், சில கேம் பாய்கள், முதல் பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட். நம் பிள்ளைப்பருவத்து செட்டுகள் எல்லாம் 1983இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாமின் நகல்கள். அதே 60 பின் ஸ்லாட்தான். அதனால் ஜப்பானின் அசல் கேசட் நம் ஊர் செட்டில் அப்படியே உட்காரும். ஆனால் இரண்டையும் திறந்து பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். அசலில் கால்கள் தெரியும் சிப்புகள் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். நம் ஊர் கேசட்டில் பச்சைப் போர்டின் நடுவே ஒரு ரூபாய் அகலத்தில் கறுப்பாக இறுகிப்போன ஒரு எபாக்ஸி பசைச் சொட்டு, அவ்வளவுதான். சிப் அதற்குள்ளே புதைந்திருக்கிறது. அது போனால் போனதுதான், மாற்ற வழியே இல்லை. சந்தையில் விலை இல்லாத இந்தக் கேசட்டுகளுக்குத்தான் நான் அதிகக் கவனம் கொடுக்கிறேன். ஜப்பான் கேசட்டை இன்னொன்று வாங்கிவிடலாம். இங்கே விற்றவை பெரும்பாலும் குப்பைக்குப் போய்விட்டன.

அலமாரி செய்வதற்கு முன்னால் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் இரண்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஒன்றை அறையில், ஒன்றை அலமாரிக்குள் வையுங்கள். நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் என் அறையில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டும். மே மாத இரவில் ஏசி ஓடும்போது 50க்கு இறங்கும். பொருளுக்கு 40 முதல் 50 வரை இருந்தால் நல்லது. அதைவிட இந்த ஏற்ற இறக்கம் குறைய வேண்டும். காலையில் ஏசியை அணைத்தவுடன் ஜன்னலைத் திறந்தால், வெளியே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து கிடக்கும் உலோகத்தின் மேல் பட்டு மெல்லிய நீர்ப்படலமாகப் படியும். கேசட் பின்களும் உலோகம்தான். எங்கள் வீட்டில் அந்த அறை ஜன்னலை அறை சூடாகும் வரை யாரும் திறப்பதில்லை.

அலமாரியை ஏரியா கார்பென்டரிடம்தான் செய்தேன், தண்ணீரைத் தாங்கும் பிடபிள்யூபி கிரேடு பிளைவுட்டில். ரெடிமேட் அலமாரிகள் பார்க்க அழகாக இருந்தாலும் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. ஈரம் ஏறினால் ஓரங்கள் ஊதிவிடும், கன்சோல்களின் எடைக்கு நடுவில் தொய்ந்துவிடும். வந்த கார்பென்டர் அனுபவசாலி. “சுவரோட சேர்த்து அடிச்சாத்தான் சார் ஆடாம நிக்கும்” என்றார். “இல்லண்ணே, மழைக்கு இந்தச் சுவர்ல ஓதம் ஏறும். நாலு விரல் இடைவெளி விட்டே நிறுத்துங்க” என்றேன். மேலே இரண்டு எல் ஆங்கிள் கொடுத்து, இடைவெளி விட்டே ஆடாமல் நிறுத்திக் காட்டினார். அந்த நாலு விரல் இடைவெளிதான் இந்த அலமாரியில் நான் மிகவும் திருப்தியாக உணரும் விஷயம். சுவரில் பெயின்ட் பொரிந்து உதிர்ந்த வருடத்தில்கூட அலமாரியின் முதுகில் பூசணம் பிடிக்கவில்லை.

செய்து முடித்ததும் உடனே அடுக்கிவிடாதீர்கள். பசை, தின்னர், பாலிஷ் வாடை முழுக்கப் போகும் வரை கதவைத் திறந்தே வையுங்கள். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி பிளாஸ்டிக்குக்கும் லேபிளுக்கும் நல்லதல்ல.

கதவுக்குக் கண்ணாடிதான் சரி. அக்ரிலிக் எடை குறைவு, எளிதில் உடையாது, ஆனால் துடைக்கத் துடைக்க ஸ்டாட்டிக் ஏறித் தூசியை இழுக்கும், கீறலும் விழும். உள்ளே கேசட்டை நிமிர்த்தி நிறுத்தும் சின்ன ஸ்டாண்டுகளுக்கு மட்டும் அக்ரிலிக் போதும். விளக்குக்கு எல்இடி ஸ்ட்ரிப். அதில் புற ஊதா மிகக் குறைவு. அதன் அடாப்டர் மட்டும் சூடாகும், ஆகவே அதை அலமாரிக்கு வெளியே கொண்டுவந்துவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே எந்த அலமாரியும் வேண்டாம்.

அடுக்கும் முறையைக் கொலுப்படியிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். பின்வரிசை உயரம், முன்வரிசை தாழ்வு, ஒன்றையொன்று மறைக்காது. ஆனால் இருப்பது எல்லாவற்றையும் வெளியே வைப்பதில்லை. பார்வைக்கு வைப்பதும் பாதுகாப்பதும் வேறு வேறு வேலைகள் என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் எல்லாமே எளிதாயிற்று. கண்ணாடிக்குள் கன்சோல்களும் பெட்டியில்லாத கேசட்டுகளும் மட்டும். அட்டைப்பெட்டி, மேனுவல், டிஸ்க், கையடக்க கன்சோல் இவையெல்லாம் டிரை கேபினட்டில்.

டிரை கேபினட் என்பது கேமரா லென்ஸில் பூசணம் பிடிக்காமல் இருக்க போட்டோகிராபர்கள் வைத்திருக்கும் மின்சாரப் பெட்டி. நம் ஊர் சேகரிப்பாளர்கள் முதலில் காசு போட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஈரப்பதத்தை 45இல் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். சத்தமில்லை, கரண்ட் பில்லிலும் வித்தியாசம் தெரியவில்லை. 30க்குக் கீழே இறக்க வேண்டாம், அட்டை வளையும், லேபிளின் ஓரம் சுருண்டு எழும். பெட்டியிலுள்ள மீட்டரை மட்டும் நம்பாமல் உள்ளே தனியாக ஒரு ஹைக்ரோமீட்டர் வையுங்கள். என்னுடையதில் இரண்டுக்கும் எப்போதும் சில புள்ளிகள் வித்தியாசம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பகுதியில் கரண்ட் போனபோது, கதவைத் திறக்கவே கூடாது என்று டேப் ஒட்டி வைத்தேன். ரப்பர் விளிம்பு இறுக்கமாக இருந்ததால் கரண்ட் வரும் வரை உள்ளே ஈரம் மெதுவாகத்தான் ஏறியது. குறை என்று சொன்னால் இடம்தான். சேகரிப்பு வளரும் வேகத்துக்குப் பெட்டி வளராது.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்கள் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வைத்துச் சமாளிக்கலாம். நீல நிற மணிகளில் கோபால்ட் குளோரைடு இருக்கும், உடம்புக்குக் கெடுதல். ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரியில் சூடாக்கினால் திரும்பப் பயன்படும், ஆனால் சமையலுக்கு வைத்திருக்கும் அடுப்பில் வேண்டாம். துணி பீரோவில் தொங்கவிடுவார்களே, அடியில் தண்ணீர் சேரும் பாக்கெட், அதைக் கேம்களின் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது. சேருவது வெறும் தண்ணீர் அல்ல, கால்சியம் குளோரைடு கரைந்த உப்புநீர். ஒரு சொட்டு ஒழுகினாலும் போர்டில் செம்பை அரித்துவிடும்.

பாச்சை உருண்டையும் அப்படித்தான். பூச்சி வராது என்று பெரியவர்கள் எல்லா இடத்திலும் போட்டுவைப்பார்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். பிளேஸ்டேஷன் டிஸ்க் வரும் சிடி பெட்டிகள் அந்த பிளாஸ்டிக்தான். ராமபாணப் பூச்சிக்கு அட்டையும் பசையும் விருந்து என்பது உண்மை, ஆனால் ஈரத்தைக் குறைத்தாலே அது குறைந்துவிடுகிறது. அட்டைப்பெட்டிகளுக்கு பாலிபுரொப்பிலீன் உறை போடுங்கள். மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறை நாளாக நாளாகப் பிசுபிசுத்து அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும்.

பிவிசி என்றதும் ஒயர் ஞாபகம் வருகிறது. பழைய கன்சோல் வாங்கும்போது கன்ட்ரோலர் ஒயரை அதன் உடம்பைச் சுற்றியே கட்டி அனுப்புவார்கள். எனக்கு வந்த ஒரு மெகா டிரைவ் கன்ட்ரோலரில் ஒயரைப் பிரித்தபோது அடியில் பளபளப்பான பள்ளங்கள் வரிவரியாக இருந்தன. நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படும். ஒயரை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் சூட்டில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுகிறது. அந்தத் தழும்பு போகாது. ஒயர்களை வெல்க்ரோ பட்டையால் தளர்வாகக் கட்டி, தனி டிராயரில் போடுங்கள். லாஃப்டில் பழைய சாமான் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்ட் கோடையில் சூளை மாதிரிக் கொதிக்கும். வீட்டிலேயே இவற்றுக்கு மோசமான இடம் அதுதான்.

மஞ்சளாவதைப் பற்றி நிறையக் கவலைப்படுகிறார்கள். தீப்பிடிக்காமல் இருக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் புரோமின் கலந்த பொருள்களைச் சேர்த்தார்கள், வெளிச்சமும் சூடும் பட்டு நிறம் மாறுகிறது. இருட்டில் வைத்தாலும் மெதுவாக நடக்கும். சூப்பர் ஃபேமிகாமில் மேல்மூடி பழுப்பேறி, அடிப்பாகம் சாம்பல் நிறத்திலேயே இருப்பதைப் பார்க்கலாம். ஒரே செட்தான், பிளாஸ்டிக் கலவை வேறு. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை இருக்கிறது. நான் செய்வதில்லை. மறுபடி மஞ்சளாகும், சில சமயம் திட்டுத்திட்டாக. அந்த நிறம் அதன் வயது, அப்படியே இருக்கட்டும்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் ஒத்திப்போட வேண்டாம். கையடக்க கன்சோல்களில் சாதாரண பென்சில் செல்லைப் போட்டபடி ஒருநாளும் உள்ளே வைக்காதீர்கள், கசிந்து காண்டாக்டைத் தின்றுவிடும். லித்தியம் பேட்டரி உள்ளவற்றில் அதைக் கழற்றி, பாதி சார்ஜில் தனியே வையுங்கள். கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி, சோனியின் பிஎஸ்பி போன்ற கையடக்க கன்சோல்களின் பேட்டரிகள் ஊதிக்கொண்டால் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். ஆட்டத்தை விட்ட இடத்தில் சேவ் செய்யும் கேசட்டுகளுக்குள் சின்ன பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். 1990இல் வந்த சூப்பர் மாரியோ வேர்ல்டில் சிஆர்2032. அது தீர்ந்தால் யாரோ ஒரு ஜப்பானியக் குழந்தை ஆடி முடித்த சேவ் ஃபைல் அழிந்துபோகும். அதனால் கேசட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக, கேசட்டைக் கணினியோடு இணைக்கும் ரீடர் வைத்துச் சேவ் ஃபைலைக் கணினியில் எடுத்துவைத்துவிடுகிறேன். அப்புறம்தான் பேட்டரி மாற்றம். நின்டெண்டோ கேசட்டுகளின் திருகுக்கு 3.8 மில்லிமீட்டர் தனி பிட் வேண்டும், ஃபேமிகாம் கேசட்டில் கிளிப் மட்டும்தான். திறந்த கையோடு பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்தால் கறுப்பும் பச்சையுமாக அழுக்கு வரும். பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். சிறுவயதில் எல்லோரும் செய்ததுபோல வாயால் ஊதுவது பின்னுக்கு ஈரத்தைத்தான் கொடுக்கும்.

அடாப்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பான் செட்டுகள் 100 வோல்ட், நம் வீட்டில் 230. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஒவ்வொரு அடாப்டரிலும் எந்தக் கன்சோலுக்கு என்று சீட்டு ஒட்டிவையுங்கள். ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி கொடுக்கும், ஃபேமிகாமுக்கு வேண்டியது டிசி. மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல்தான் தொடங்குகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த எந்தச் சென்னைக்காரருக்கும் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒன்றரை அடியில் டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இல்லை. காலியாகவே கிடக்கிறது.

கடைசியாகப் பெட்டி டிவி. இடத்தை அடைக்கிறது, இருவர் சேர்ந்து தூக்க வேண்டும், வீட்டில் அவ்வப்போது கேள்வியும் வரும். ஆனாலும் அது இந்தச் சேகரிப்பின் பாதி. வாத்து சுடும் டக் ஹன்ட் கேமின் துப்பாக்கி எல்சிடி திரையில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் வரும், அதைத் துப்பாக்கியின் கண் அந்த நொடியிலேயே பார்க்க வேண்டும். புதிய டிவியில் படம் தாமதமாக வருவதால் கண்ணுக்கு எதுவும் சிக்காது. எங்கள் டிவியை மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டுகிறோம், உள்ளே ஈரம் தங்காமல் இருக்க. அக்கா மகன் அந்த அரைமணி நேரத்துக்காகவே சனிக்கிழமை வருகிறான். பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். உங்கள் ஏரியாவில் பழைய டிவி மெக்கானிக் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால் இப்போதே போய்ப் பேசி, பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் ஃபிளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தால் வாங்கிப் போட்டுவையுங்கள்.