கண்டாங்கிக் கட்டம் கெடாமல் படம் சுருக்க ஒரு இலவசக் கருவி: இமேஜ்மேஜிக்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடை, கண்டாங்கித் தறி, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை என்று எங்கே படம் எடுக்கப் போனாலும் திரும்பும்போது நூற்றுக்கணக்கில் ஃபைல் சேர்ந்துவிடும், ஒவ்வொன்றும் எட்டு பத்து எம்பி. அதை அப்படியே கடையின் வலைத்தளத்தில் ஏற்றினால் பக்கம் திறக்கிறவரைக்கும் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்குவதும் ஆகிற காரியமில்லை. இந்த வேலைக்கு நான் நம்பி வைத்திருப்பது இமேஜ்மேஜிக். ஜான் கிறிஸ்டி என்பவர் 1987-இல் எழுதத் தொடங்கி 1990-இல் இலவசமாக வெளியிட்டது, இன்றைக்கும் புதுப் பதிப்பு வந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இதில் பட்டன் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பயப்பட வேண்டாம். படம் இருக்கிற ஃபோல்டரில் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டச்சு செய்கிற ஜன்னலைத் திறந்து, மேஜிக் மோக்ரிஃபை என்று தொடங்கி, ரீசைஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1600-க்கு 1600 என்று அளவு கொடுத்தால் போதும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தாலும் படம் சதுரமாக நசுங்கிவிடாது, அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி விகிதம் மாறாமல் சுருங்கும். செட்டிநாட்டு வீட்டின் வளவுத் (உள்முற்றத்துத்) தூணை நெட்டாக எடுத்ததும் முகப்பை அகலமாக எடுத்ததும் ஒரே கட்டளையில் சரியாக வரும். அளவுக்குப் பின்னால் 'விடப் பெரியது' (>) குறி ஒன்றைச் சேர்த்தால் ஏற்கெனவே சின்னதாக இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்காமல் விட்டுவிடும். ஆனால் அளவையும் குறியையும் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லையென்றால் டெர்மினல் அந்தக் குறியை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளும். குவாலிட்டி 82 என்றும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூலப் படத்தின் தரத்தையே பின்பற்றும், ஃபைல் எதிர்பார்த்த அளவுக்கு இறங்காது.

எனக்கு இதில் பெரிய குறை ஒன்றுதான். மோக்ரிஃபை கேட்காமல் கொள்ளாமல் மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். பூட்டிக் கிடக்கிற வீட்டை உறவினர் யாராவது வந்து திறந்துவிட்ட அன்றைக்கு எடுத்த படம் என்றால் மறுபடி போய் எடுக்க வழியே இல்லை. அதனால் முதலில் ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி, பாத் என்ற சொல்லோடு அதன் பெயரைக் கொடுங்கள், சுருக்கியதெல்லாம் அங்கே போய் விழும், மூலம் அப்படியே இருக்கும். இப்படிப்பட்ட கருவி முன்கூட்டியே எச்சரிக்காமல் இருப்பது சரியில்லை என்றுதான் சொல்வேன்.

மற்றபடி தரத்தில் குறை சொல்ல முடியாது. கண்டாங்கியின் நெருக்கமான கட்டத்தைச் சில செயலிகளில் சுருக்கினால் சேலையில் இல்லாத அலை அலையான கோடுகள் கிளம்பும், வாங்குகிறவர் துணியே அப்படி என்று நினைத்துவிடுவார். இமேஜ்மேஜிக் ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது இயல்பாகவே லான்சோஸ் என்ற வடிகட்டியைப் பயன்படுத்துகிறது. பக்கத்துப் பிக்சல்களையும் கணக்கில் எடுத்துத்தான் ஒரு பிக்சலைத் தீர்மானிக்கும், அதனால் கட்டம் கட்டமாகவே நிற்கும். ஆத்தங்குடி டைல்ஸின் பூவிளிம்பும் அப்படித்தான். ரீசைஸுக்குப் பதிலாக சாம்பிள் என்று ஒரு கட்டளையும் இருக்கிறது, வேகம்தான், ஆனால் பிக்சலைத் தாண்டித் தாண்டி எடுக்கும். சேலைக்கு அது ஆகவே ஆகாது.

அப்புறம் ஸ்ட்ரிப். செட்டிநாட்டில் படம் எடுக்கிற எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஃபோனில் லொகேஷன் போட்டு எடுத்த படத்துக்குள் அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்திருக்கும். வருஷத்தில் பாதி நாள் ஆளில்லாத வீடு, உள்ளே பர்மா தேக்குக் கதவும் பழைய பாத்திரமும். அந்தப் படத்தை அப்படியே இணையத்தில் ஏற்றுவது திருடனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதுதான். ஸ்ட்ரிப் என்ற ஒரு சொல் அதையெல்லாம் துடைத்துவிடும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். படத்தை எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்து போய்விடும் என்பதால் அதற்கு முன்பே ஆட்டோ ஓரியன்ட் போட வேண்டும், இல்லையென்றால் நெட்டுப் படம் படுத்துக்கொள்ளும். அதேபோல நிறத்தின் சுயவிவரமும் போய்விடும். ஐஃபோன் போன்றவை அகலமான நிற வரம்பில் படம் எடுப்பதால், முதலில் வலைத்தளங்களுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறப் புரொஃபைலுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஸ்ட்ரிப் செய்யாவிட்டால் கண்டாங்கியின் அரக்குச் சிவப்பு மங்கித் தெரியும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை இது, நிறம் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அடுத்தவர் வீட்டின் உள்பக்கத்தை எங்கேயோ இருக்கிற சர்வரில் கொண்டுபோய் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இதில் படம் நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதே இல்லை.

விண்டோஸ்காரர்களுக்கு: பழைய பாடங்களில் கன்வெர்ட் என்று இருக்கும், விண்டோஸில் அந்தப் பெயரில் டிஸ்க் சம்பந்தமான வேறு ஒரு நிரல் உண்டு, அதனால் மேஜிக் என்றே தொடங்குங்கள். வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் விப்ஸ் என்ற இன்னொரு இலவசக் கருவி இன்னும் சீக்கிரம் முடிக்கும், மெமரியும் குறைவாகத் தின்னும். ஆனால் அதில் பழகுவதற்கு உதவி இவ்வளவு கிடைக்காது.

ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டைப் பல படங்களாக எடுத்து ஒட்டிய பனோரமாவை லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் கொடுத்தால் இமேஜ்மேஜிக் சில சமயம் மறுத்துவிடும். அங்கே பாலிசி என்ற ஃபைலில் அகலத்துக்கு 16,000 பிக்சல் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை ஏற்றிவிட்டால் ஓடும். அட்மின் பாஸ்வேர்டு கையில் இல்லையென்றால் அந்த ஒரு படத்தை மட்டும் ஜிம்ப் என்ற படம் திருத்தும் செயலியில் திறந்து சுருக்கிக்கொள்ளுங்கள்.