கலா பொலவா, கலைக்கூடமா?

சமூகத்தைக் கேள்வி கேட்கும் ஓவியங்களைக் கொழும்பில் எங்கே பார்ப்பது? ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இல் தொடங்கிய கலா பொல என்ற தெருவோர ஓவியச் சந்தை, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் ஓரமெல்லாம் படங்களை விரித்துவைக்கும். ஓவியர் பக்கத்திலேயே நிற்பார். "இந்த முகம் ஏன் அண்ணா இப்படிச் சிதைஞ்சிருக்கு?" என்று நேரே கேட்கலாம். கலைக்கூடத்தின் படியேறவே கூச்சப்படுகிறவரும் அங்கே நின்று பார்ப்பார். அது பெரிய விஷயம்.

ஆனாலும் கோபமான ஒரு படத்துக்கு அந்த நெரிசல் ஒத்துவராது. பக்கத்திலேயே தாமரைக் குளமும் யானையும் தொங்கும்; கண் அங்கே ஓடிவிடும். லயனல் வென்ட் போன்ற கூடத்தில் ஒரே கையின் படங்கள் வரிசையாக நிற்கும். வண்ணத்தைத் தடிப்பாக அப்பிய இடம், தூரிகை கீறிச்சென்ற இடம், வேண்டுமென்றே வெறுமையாக விட்ட இடம் எல்லாம் ஆறுதலாகப் பிடிபடும். 1992இல் ஜகத் வீரசிங்க அக்கால வன்முறையைப் பற்றிக் கொழும்பில் காட்டிய ஓவியங்களும் ஒரு தொகுதியாகவே பேசின.

எனக்குக் கூடம்தான். பிள்ளைகளோடு போவதென்றால், சரி, கலா பொலவுக்கே போங்கள், ஓவியரோடு பேசவிடுங்கள்.