மலைத் தண்ணீருக்குக் கடைக் கல் ஒத்துவருமா?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வளர்ப்பு மீன் கடைகளில் தொட்டிக்கான அலங்காரக் கல் என்று அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் சமவெளியிலிருந்து ஏறி வருகிற சரக்கு. அங்கே உப்புப் போர் தண்ணீரில் மாதக்கணக்கில் கிடந்தும் எந்தத் தொல்லையும் தராத கல், இங்கே ஊற்றுத் தண்ணீரில் போட்டதும் கரைய ஆரம்பிக்கும். சுண்ணாம்பு ஏற்கனவே நிறைந்த தண்ணீருக்கு இன்னும் கரைக்க இடமில்லை. மலைத் தண்ணீர் மென்மையானது, அதாவது சுண்ணாம்பு குறைந்தது, சற்று அமிலப் பக்கம் சாய்ந்தது. சுண்ணாம்பைக் கண்டால் விடாது. போதாக்குறைக்கு, சுண்ணாம்பு சர்க்கரை மாதிரி இல்லை. தண்ணீர் குளிரக் குளிரத்தான் அதிகம் கரையும். அதனால் இங்கே கொடுக்கும் மதிப்பீடு மலைத் தண்ணீருக்கு மட்டுமே. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வைத்திருப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாம், அதுவும் மென்மைதான்.

இரண்டடிக்கு ஓரடித் தொட்டி ஏறக்குறைய 55 லிட்டர். அதில் வெறும் 1 கிராம் சுண்ணாம்பு கரைந்தால் போதும், கேஎச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 1 டிகிரி ஏறிவிடும்.

முதலில் செய்ரியு ஸ்டோன். சாம்பல் நிறம், வெள்ளை நரம்பு, பார்க்க மலைத்தொடர் மாதிரியே இருக்கும். அந்த வெள்ளை நரம்புதான் பிரச்சினை, அது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். இந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல். செடித் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்களுக்கு இன்னும் வேகமாகக் கரையும். மென்மையான தண்ணீர் கேட்கும் நியான் டெட்ரா, டிஸ்கஸ் மீன்களுக்கும் பீ ஷ்ரிம்ப் என்ற சின்ன இறாலுக்கும் வேண்டாம். கப்பி, மோலி, மலாவி சிச்லிட் வளர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கேஎச் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற மலைத் தண்ணீரில் பிஎச் (அமில, கார அளவு) திடீரென்று சரிவதை இந்தக் கல் தடுக்கவும் செய்யும். கல்லில் விஷம் இல்லை, மீனுக்கு ஏற்ற கல்லா என்பதுதான் கேள்வி.

அடுத்தது கறுப்பு ஸ்லேட் என்று தருவது. உண்மையான ஸ்லேட் நல்ல கல், தண்ணீரில் எதையும் விடாது. ஆனால் பல இடங்களில் அந்தப் பெயரில் கைக்கு வருவது உடைந்த கடப்பா கல், அது சுண்ணாம்புக் கல். சமையல் மேடையில் எலுமிச்சைச் சாறு சிந்திய இடம் மங்கி வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டிக்குள் நடப்பதும் அதே அரிப்புதான், மெதுவாக நடக்கும். மார்பிள் சில்லு, சிப்பி, சங்கு எல்லாம் இதே ஜாதி. பவளத்தை யாராவது நீட்டினால் வாங்கவே கூடாது. வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது.

கடைச் சரக்கில் முதல் இடம் டிராகன் ஸ்டோனுக்கு. தண்ணீரை மாற்றாது, ஓட்டை ஓட்டையாக இருப்பதால் செடி கட்டவும் வசதி. குறை இரண்டு. கிலோ கணக்கில் விற்பதால் ஓட்டைக்குள் அடைத்திருக்கும் களிமண்ணுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்; எடை போடுவதற்கு முன்னால் தட்டி உதிர்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கல் பொடுபொடுவென்று உடையும். வீட்டில் இரண்டு நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் குடைந்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால்தான் தொட்டி கலங்காது.

லாவா ராக் என்ற எரிமலைக் கல்லும் சேதாரம் இல்லாத கல். ஆனால் விளிம்பு கத்தி. நைலான் சாக்ஸ் ஒன்றை அதன் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் சிக்கினால் ஃபைட்டர் மீனின் வாலும் சிக்கும், கண் பிதுங்கிய கோல்டுஃபிஷ்ஷுக்குக் கண்ணே போகும். சாயம் பூசிய கல்லைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெந்நீரில் ஒரு நாள் போட்டு வெள்ளைத் துணியால் தேய்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்கும், நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருங்கல்லால் ஆனவை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறையில் இருக்கும் கல்லை வைத்து வந்த பெயர் அது. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் சேர்ந்த கல், தண்ணீரில் அசையாது. கட்டடச் சாமான் யார்டில் கேட்டால் கிடைக்கும். சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே மக்கியிருக்கிறது, மண்ணாக உதிரும். உள்ளே சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது கார்னெட், பயமில்லை. பளபளக்கும் மைக்காவும் அப்படியே. பித்தளை நிறத்தில் மினுங்கினால் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்தது), அதை ஒதுக்குங்கள். 1880களில் தங்கம் தோண்டிய தேவாலா, பந்தலூர் பக்கத்து வெங்கச்சங்கல்லில் (குவார்ட்ஸ்) இது கலந்திருக்கும். பச்சை, நீலக் கறை இருந்தால் தாமிரமாக இருக்கலாம். இறாலும் நத்தையும் அதில் பிழைக்காது.

ஓடைக் கூழாங்கல் ஆசை எல்லோருக்கும் உண்டு. காப்புக்காட்டுக்குள் கல் எடுப்பது குற்றம். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையும் வேண்டாம். கொப்புள நோய்க்கு அடிக்கும் மருந்தில் தாமிரம் இருக்கிறது. காரட், உருளைத் தோட்டத்து வாய்க்காலுக்கும் இதே பதில், அங்கே பூச்சிமருந்து.

எந்தக் கல்லானாலும் முதல் சோதனை ஒன்றுதான், அமிலச் சொட்டு. வினிகர் பலவீனம், சுண்ணாம்பு குறைவாக இருந்தால் காட்டிக்கொடுக்காது. டாய்லெட் கழுவும் ஆசிட்டை வெளியிடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கல்லைக் கழுவிக் காயவைத்து, ஆணியால் கீறிப் பொடி எழுப்பி, கீறலிலும் வெள்ளை நரம்பிலும் தனித்தனியாக இரண்டு சொட்டு விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்பு வகை) தாமதமாகத்தான் நுரைக்கும், அதுவும் கீறிய பொடியில்தான். ஊட்டிக் குளிரில் இன்னும் மந்தம். இரண்டு நிமிடம் பொறுங்கள். முடிந்ததும் சோடா உப்புக் கரைசலில் முக்கி, நிறையத் தண்ணீரில் அலசவும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் இரண்டு பக்கெட், இரண்டிலும் உங்கள் குழாய்த் தண்ணீர் 5 லிட்டர், ஒன்றில் மட்டும் கல். ஏழு நாள் கழித்து இரண்டின் கேஎச்சையும் டிடிஎஸ்ஸையும் (கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) ஒப்பிடுங்கள். கல் இல்லாத பக்கெட்டைவிட 1 டிகிரி கூடினாலே டெட்ரா தொட்டிக்கு அந்தக் கல் வேண்டாம்.

கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், அடுப்பில் சுடவும் வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கும். வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் போதும், சோப்பு கூடாது.

அடுக்கும்போது முதலில் கல், பிறகு மணல். மணல் மேல் கல் வைத்தால் சிச்லிட் அடியில் தோண்டி ஒருநாள் கல்லைக் கண்ணாடி மேல் சாய்த்துவிடும். அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் போட்டால் ஒரே முனையில் பாரம் விழாது. ஒட்ட வேண்டுமானால் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான். பாக்கெட்டில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் மலைக் குளிரில் வினிகர் வாடை முழுக்கப் போகும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். இங்கே ஹீட்டர் இல்லாமல் நியானை வைத்திருக்க முடியாது. அந்த ஹீட்டர் கல்லைத் தொடாமல் இருக்க வேண்டும், பின்னால் ஒளித்தும் வைக்கக்கூடாது. தண்ணீர் ஓட்டம் இல்லாத இடத்தில் சூடு அங்கேயே தேங்கி, தெர்மோஸ்டாட் சீக்கிரம் அணைந்து, தொட்டியின் மறுமுனை குளிர்ந்தே கிடக்கும்.