ஞாயிற்றுக்கிழமை வெண்பன்றிக் கடையும் எங்கள் வாரச் சமையலும்

திருச்சியிலிருந்து திருவெறும்பூர் போகும் வழியில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் வெண்பன்றிக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்குப் பெயர் கிடையாது. வேப்பமரத்தில் கட்டிய தட்டியில் ‘வெண்பன்றி இறைச்சி கிடைக்கும்’ என்று சிவப்பு எழுத்து. அதன் கீழே, இந்தத் தொழிலில் பலரும் எழுதிவைக்கும் அதே வரி: ‘மூலத்திற்குச் சிறந்தது’. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஆறு மாதமாக அங்கேதான் வாங்குகிறேன். கிலோ 340 ரூபாய், எந்தப் பகுதியானாலும் ஒரே விலை.

கேட்ட பகுதியைக் கேட்ட அளவில் தனித்தனியாக வெட்டித் தருகிறார்கள் என்பதுதான் இந்தக் கடையின் பெருமை. ஆட்டுக்கறிக் கடையில் தொடை வேண்டும், நெஞ்செலும்பு வேண்டும் என்று கேட்பது சாதாரணம். பன்றிக்கறி என்றால் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொத்திக் குவித்து, குவியலிலிருந்து அள்ளிப் போடுகிறார்கள். முன்பு நான் போய்க்கொண்டிருந்த கடையில் அப்படித்தான். ஒரு முறை நெஞ்செலும்பு மட்டும் தனியாகக் கேட்டதற்கு, “இஷ்டம் இருந்தால் வாங்குங்கள்” என்று எல்லோர் முன்னாலும் அதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தோல், ஈரல், தொடை, எலும்பு எல்லாம் ஒரே பையில். ஈரல் வேகும் நேரத்தில் தொடை வேகுமா? தொடைக்கு வைத்தால் ஈரல் கல்லாகிவிடும். அந்தக் கறியைக் கொண்டு ஒரு வேளைக் குழம்பு வைக்கலாம். ஒரு வாரத்தைத் திட்டமிட முடியாது.

இங்கே முதல் நாளே என் கணக்கைச் சொன்னேன்: ஈரல் கால் கிலோ, நெஞ்செலும்பு ஒரு கிலோ, முன்சப்பை (முன்னங்காலின் தோள்பகுதி) ஒரு கிலோ, தொடை முக்கால் கிலோ. அந்தப் பெண் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முன்சப்பையில் தோலும் கொழுப்பும் ஒட்டியே இருக்க வேண்டும், தொடையைத் துண்டு போடாமல் முழுதாகத் தர வேண்டும் என்றேன். முகம் சுளிக்கவில்லை. மூன்று கிலோ, 1,020 ரூபாய். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு இது சனிக்கிழமை வரை வருகிறது.

ஈரலை வைத்திருக்கக் கூடாது. ஞாயிறு காலையிலேயே மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து, தோசைக்குத் தொட்டுக்கொள்கிறோம். மதியம் நெஞ்செலும்பில் 600 கிராம் குழம்பாகிறது. மீதி எலும்பும் முழுத் தொடையும் தனித்தனி டப்பாக்களில் ஃபிரீசருக்குப் போகின்றன.

முன்சப்பைதான் என் வாரத்தின் முதுகெலும்பு. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்திய ஆன்ட்டிதான் எனக்கு விண்டாலு என்ற வினிகர்க் கறியைக் கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு காய்ந்த மிளகாய், ஒரு முழுப் பூண்டு, இஞ்சி, சீரகம், கொஞ்சம் கடுகு, எல்லாவற்றையும் வினிகரிலேயே அரைக்க வேண்டும். தண்ணீர் படக் கூடாது. புளி கிடையாது, தேங்காய் கிடையாது. உருளைக்கிழங்கும் கிடையாது. ஓட்டல்களில் அந்தப் பெயரிலுள்ள ‘ஆலு’வை இந்திச் சொல்லாக நினைத்துக் கிழங்கைப் போட்டுவிடுகிறார்கள். போர்த்துகீசியர்கள் கோவாவுக்குக் கொண்டுவந்த பெயர் அது. அந்த ஓசை அவர்கள் மொழியில் பூண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஞாயிறு மாலை மசாலாவைக் கறியில் பிசைந்து, ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடியில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுகிறேன். அலுமினியப் பாத்திரம் ஆகாது. வினிகர் அதை அரித்துவிடும். திங்கட்கிழமை பருப்பும் கீரையும். செவ்வாய் மாலை ஜாடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்கு என் பேரன் சமையலறை வாசலில் வந்து நிற்பான். சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். கொழுப்பு உருகி மேலே சிவப்பாக மிதக்கும்போது இறக்க வேண்டும். புதன்கிழமை அதையே சூடாக்கி ரொட்டியோடு சாப்பிடும்போது ருசி இன்னும் கூடியிருக்கிறது. முன்சப்பையில் கொழுப்பு இல்லாமல் கொடுத்திருந்தால் இது எதுவும் நடக்காது. செவ்வாய்க்கே சக்கையாகியிருக்கும்.

புதன் காலையிலேயே தொடையை ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும். சமையல் மேடையில் வெளியே வைத்து உருக விடுவது தவறு. உள்ளே பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கம் கெடத் தொடங்கிவிடும். வியாழக்கிழமை நானே துண்டு போட்டு, மஞ்சளும் உப்பும் சேர்த்துக் குக்கரில் நான்கு விசில் விட்டு, தேங்காய்ப் பல், சோம்பு, கறிவேப்பிலையோடு சுருள வறுக்கிறேன். எண்ணெய் தேவையில்லை. கடைக்காரர் தனியாகப் போட்டுத் தரும் கொழுப்பை ஞாயிறன்றே அரை டம்ளர் தண்ணீரோடு உருக்கி, வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் வைத்திருப்பேன். வெண்ணெய் போல உறைந்திருக்கும். ஒரு கரண்டி போதும்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது. தவக்காலத்தில் மட்டுமல்ல, வருடம் முழுவதும் அப்படித்தான். சனிக்கிழமை மீதி நெஞ்செலும்பில் மிளகுத் தண்ணீர், உருக்கிய கொழுப்பில் வதக்கிய முட்டைக்கோஸ்.

நான் அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். அதனால் பலர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்று உண்டு: “பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வந்துவிடுமாமே?” சரியாக வேகாத, நோயுள்ள பன்றியின் கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழுவின் முட்டைகள் மனித மலத்தில் வெளியேறி, கழுவாத கை வழியாகவோ அழுக்குத் தண்ணீர் வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ அவருடைய வயிற்றுக்குள்ளோ இன்னொருவர் வயிற்றுக்குள்ளோ போனால்தான் மூளையில் கட்டி உண்டாகிறது, வலிப்பு வருகிறது. கறியே தொடாதவருக்கும் அது வரலாம். அந்த முட்டைகள் உள்ள மலத்தைத் தின்னும் பன்றிக்குத்தான் நோய் தொற்றுகிறது. அதனால்தான் பன்றி எங்கே வளர்ந்தது என்பது முக்கியம். தெருவில் மலம் தின்று திரிந்ததா, கொட்டகையில் தீவனம் தின்று வளர்ந்ததா? இந்தக் கடைக்காரர்கள் தங்கள் கொட்டகையிலேயே வளர்க்கிறார்கள். நான் நேரில் போய்ப் பார்த்தேன். சிமென்ட் தரை, தண்ணீர்க் குழாய், யார்க்‌ஷயர் வகை வெள்ளைப் பன்றிகள். கறியிலும் நான் அரிசிமணி போல வெள்ளைக் கட்டிகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். இதுவரை இருந்ததில்லை. ஆனாலும் உள்வரை நன்றாக வேக வைக்காமல் யாரும் சாப்பிட வேண்டாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எலும்பை வெட்டுகத்தியால் கொத்துவதால் சில்லுகள் சிதறிக் கறியில் ஒட்டிக்கொள்கின்றன. நான்கு தண்ணீரில் கழுவினால்தான் போகும். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை. ஒன்பது மணிக்கு மேல் போனால் நெஞ்செலும்பு தீர்ந்துவிடுகிறது. பிறகு செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் கட்டித் தருவது. அச்சு மை பட்ட கறியை நான் எப்படிச் சமைப்பேன்? கறுப்புப் பை எதற்கு என்று கேட்டேன். “வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள் அம்மா” என்றார் அந்தப் பெண். மறு வாரத்திலிருந்து எவர்சில்வர் தூக்குவாளி கொண்டுபோகிறேன். மூடியைத் திறந்து நீட்டினால் அவரே அடுக்கித் தருகிறார்.

தட்டியிலுள்ள அந்த மூல வரியை அழிக்கச் சொல்லி அவர் கணவரிடம் பல முறை கேட்டுவிட்டேன். என் பணிக்காலத்தில் மூலத்துக்குப் பன்றிக்கறி எழுதிக்கொடுத்த மருத்துவரை நான் பார்த்ததில்லை. நார்ச்சத்தும் தண்ணீரும்தான் அதற்குத் தேவை. கறியில் நார்ச்சத்தே கிடையாது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்த வரி இல்லை என்றால் பாதிப் பேர் வர மாட்டார்கள் அம்மா. மருந்துக்கு என்று சொல்லித்தான் வீட்டுக்குள் கொண்டுபோக முடிகிறது.” அதற்கு மேல் அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. நல்ல கறியை நல்ல கறி என்று சொல்லி வாங்கிப் போக முடியாத தெருக்கள் இந்த ஊரில் இருப்பது அவர் குற்றமல்ல. நான் தூக்குவாளியோடுதான் பஸ்ஸில் வருகிறேன். என்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் பன்றிக்கறி என்றே சொல்கிறேன்.

போகிறவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் போனில் பகுதிகளைச் சொல்லிவிடுங்கள், எடுத்து வைத்துவிடுவார்கள். காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். மூடி போட்ட பாத்திரம் இரண்டு வேண்டும். ஈரலுக்குத் தனியாக ஒன்று. கொழுப்பைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.