நாள் முழுக்கப் பாடும் ரேடியோ: தனியார் எஃப்.எம்.மா, ஆகாசவாணியா?

வேலூர் சாயிநாதபுரத்தில் எங்கள் தையல் கடையில் ஐந்து மிஷின், ஒரு ஓவர்லாக், ஒரு ரேடியோ. காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கியதும் சாமி படத்துக்கு விளக்கு, அடுத்து ரேடியோ. மாலை ஆறு வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். போன பங்குனியில் பழைய செட் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதிதாக என்ன வாங்குவது, அதில் எதைக் கேட்பது என்று கடையில் இரண்டு மாதம் பேச்சு நடந்தது. ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். கடையோ கிளினிக்கோ வைத்து, நாள் முழுக்கப் பாட்டு ஓடவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பிரச்சினை வயது. பீக்கோ அடிக்கிற பெண்ணுக்கு இருபத்து நாலு. எனக்கு நாற்பத்தாறு. கட்டிங் மாஸ்டர் பாய்க்கு ஐம்பத்தெட்டு. இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடித்துக் கேட்டு வளர்ந்தவர். 1976இல் இளையராஜா வந்தபோது பாய் பள்ளிக்கூடப் பையன். 1992இல் ரகுமான் வந்தபோது நான் தாவணி போடுகிற வயதில் இருந்தேன். பீக்கோ பெண் அதற்கெல்லாம் பல வருடம் கழித்துப் பிறந்தவள். பதினைந்து, இருபது வயதில் காதில் விழுந்த பாட்டுதான் கடைசி வரைக்கும் நமக்குச் சொந்தம். இந்த மூன்று பேருக்கும் ஒரே பெட்டியிலிருந்து பாட்டு வரவேண்டும். யாரும் எழுந்து போய் மாற்றக் கூடாது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வகை வானொலி உண்டு. அடல்ட் கன்டெம்பரரி என்பார்கள். பில்போர்டு பத்திரிகை 1961இல் ஈஸி லிஸனிங் என்ற பெயரில் தொடங்கிய பாட்டுப் பட்டியலுக்கு 1979இல் இந்தப் பெயர் வந்தது. ஏறக்குறைய 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து, காதைக் குத்தாத மெலடியாக, பழசும் புதுசும் கலந்து போடுவார்கள். அலுவலகத்திலும் கடையிலும் பின்னணியில் ஓடுவதற்கென்றே நடத்தப்படும் நிலையங்கள் இவை. அப்படிப் பெயர் சொல்லிக்கொண்டு தமிழில் நிலையம் எதுவும் என் காதில் பட்டதில்லை. தேவை மட்டும் எங்கள் கடையிலேயே இருக்கிறது.

முதலில் சீக்கிரம் கழித்துக் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் பாட்டுச் செயலி: யாராவது ஒருவர் போனைக் கொடுக்கவேண்டும், அவருக்கு அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், ஒரு பாட்டைத் தேடிப் போட்டால் அதே பாடகர், அதே காலம் என்று அது தானாக ஒரு சந்துக்குள் போய்விடும். தனியாகக் கேட்பவர்களுக்கு நல்லது, ஐந்து பேருக்கு ஆகாது. அடுத்து, ஐயாயிரம் பாட்டு நிரப்பியே விற்கிற பெட்டி. உறவுக்காரர் வீட்டிலிருந்து இரண்டு வாரம் வாங்கி வந்தோம். விளம்பரம் கிடையாது, நெட் வேண்டாம், ஒலியும் சுத்தம். பாய்க்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் விற்கிற நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாட்டு மட்டும்தான் அதில் இருக்கும். அப்புறம், யாரும் பேசவே மாட்டார்கள். நாள் முழுக்க மனிதக் குரலே இல்லாமல் பாட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தால், மூன்றாம் நாள் அது ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது. பாட்டு ஓடுகிறதா என்பதையே மறந்துவிடுகிறோம்.

மிச்சம் இரண்டு: தனியார் எஃப்.எம்., ஆகாசவாணி.

தனியார் எஃப்.எம்.மின் நல்லது எல்லோருக்கும் தெரியும். நம் ஊரிலேயே ஒலிபரப்பு இருக்கிறது, சாதாரண செட்டில் தெளிவாக எடுக்கிறது, பேசுகிறவர்கள் கலகலப்பு, புதுப்பாட்டு சுடச்சுட வரும். எங்கே ஜவுளித் தள்ளுபடி என்பதுகூடத் தெரிந்துவிடும். விளம்பரம் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்பது ஒரு தொல்லைதான், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். எங்களால் பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. ஒரு நாள் மதியம் பீக்கோ பெண்தான் முதலில் சொன்னாள்: “இன்னாக்கா, காலைலேந்து இது மூணாவது தபா.”

புதுப்பாட்டு வேண்டும் என்று கேட்டவளே சொல்கிறாள்! அன்றிலிருந்து அளவு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் பாட்டுகளைக் குறித்து வைக்க ஆரம்பித்தோம். அவள் சொன்னது சரிதான். அதைவிட ஆச்சரியம் இன்னொன்று. ஒரு பழைய மெலடி நாங்கள் சோற்று டப்பா திறக்கிற நேரத்துக்குச் சரியாக அடுத்தடுத்த நாளும் வந்தது. யாரோ எங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்துப் போடுகிற மாதிரி இருந்தது.

என் அண்ணன் மகள் வேறு ஊரில் ஒரு நிலையத்தில் பாட்டு அடுக்கும் வேலையில் ஒன்றரை வருடம் இருந்தாள். அவளிடம் நோட்டைக் காட்டினேன். “இதெல்லாம் கணக்கு அத்தை” என்று அவள் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். ஏனென்றால், ஒரு நிலையம் நாள் முழுக்கக் கேட்க உகந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

விளம்பரம், பேச்சு போக ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுகளைக் கூடை கூடையாகப் பிரித்து வைப்பார்கள்: சூடான புதுப்பாட்டு ஒரு கூடை, ஆறு மாதப் பாட்டு ஒரு கூடை, பத்து வருடப் பாட்டு, அதற்கும் முந்தினது என்று. புதுப்பாட்டுக் கூடையில் எட்டுப் பாட்டு, மணிக்கு மூன்று தடவை அந்தக் கூடையில் கை வைப்பார்கள் என்றால், ஒரு பாட்டு இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் திரும்பி வரும். பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி நேரம். ஆக, மூன்று தபா! மிச்சம் ஏழு இடத்துக்கு முந்நூறு பாட்டு வைத்திருந்தாலும், இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற நிலையத்தில் இரண்டு நாளைக்குள் முந்நூறும் தீர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்துவிடும்.

சோற்று டப்பா மெலடிக்கும் இதிலேயே விடை இருந்தது. ஒரு கூடையில் இருபத்து நாலு பாட்டு இருந்து, மணிக்கு ஒன்று எடுத்தால், ஒவ்வொரு பாட்டும் தினமும் அதே மணிக்கு வரும். காலையில் வருவது காலையிலேயே வரும், ராத்திரி மூன்று மணிக்கு வருவது யார் காதிலும் விழாமலே போகும். கவனமாக அடுக்குகிறவர்கள் இருபத்து நாலு வைக்க மாட்டார்களாம், இருபத்தொன்பது வைப்பார்களாம். அப்போது பாட்டு நாளுக்கு ஐந்து மணி நேரம் தள்ளித் தள்ளிப் போகும். இன்று மதியம் ஒரு மணிக்குக் கேட்டது நாளைக்கு மாலை ஆறு மணிக்கு வரும், நாம் ஷட்டர் இறக்குகிற நேரத்துக்கு. ஐந்து பாட்டுக் கூடப் போட்டதில் இவ்வளவு வித்தியாசம். இதைக் கேட்டதும் அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. நாங்கள் துணியை வெட்டுவதற்கு முன்னால் பூ எங்கே விழும், கோடு எங்கே சேரும் என்று பார்ப்பதைப் போலத்தான் இதுவும்.

அப்படியானால் ஏன் வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்? அவர்கள் மனதில் வைத்திருக்கும் நேயர் வேறு ஆள். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வண்டியில் போகிறவர் இருபது, இருபத்தைந்து நிமிடம் கேட்பார், நாலு பாட்டோடு இறங்கிவிடுவார். அந்த நாலில் ஒன்றாவது அவருக்குப் பிடித்த புதுப்பாட்டாக இருக்கவேண்டும். அவருக்காக அடுக்கினால், எட்டு மணி நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து தைக்கிறவளுக்குத் தொல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நிலையம் முழுசாகப் பொருந்தாது. அமெரிக்காவில் அடல்ட் கன்டெம்பரரி நிலையங்கள் சில ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஒரு பாட்டையும் இரண்டாம் முறை போடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, அதையே விளம்பரமாகச் சொல்லிக்கொள்கின்றன. வேலை செய்யும் இடத்துக்கான வானொலி என்றால் இதுதான். நம் ஊரில் ஒரு தனியார் நிலையம் பகலுக்கு மட்டும் இந்த ஒரு வாக்கைக் கொடுக்கட்டும், மறுநாளே அங்கே போய்விடுவேன்.

இப்போதைக்கு நாங்கள் போயிருப்பது ஆகாசவாணிக்கு, குறிப்பாகச் சென்னை விவித் பாரதிக்கும் ரெயின்போவுக்கும்.

நோட்டில் அதையும் மூன்று வாரம் குறித்தோம். ஒரே பகலில் ஒரு பாட்டு இரண்டு முறை வந்தது எங்கள் கண்ணில் படவில்லை. விஸ்வநாதன் காலத்துப் பாட்டுக்குப் பக்கத்தில் போன வருடப் பாட்டு வரும், இரண்டுக்கும் நடுவில் நாங்கள் யாருமே கேட்டிராத ஒன்று வரும். அது எனக்கு முக்கியம். படம் ஓடாமல் போனதால் யாருக்கும் தெரியாமல் போன நல்ல பாட்டுகள் எத்தனை! இன்னொன்று, ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று நாலையும் சொல்கிற பழக்கம். அதைக் கேட்டுக் கேட்டு, இருபத்து நாலு வயதுப் பெண் இன்று எழுதியவர் யார் என்பதை அறிவிப்பாளருக்கு முன்னால் சொல்கிறாள். பாய்க்கு அதில் தனிப் பெருமை. நேயர் விருப்பத்தில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும்போது குடியாத்தம், ஆரணி என்று ஏதாவது காதில் விழுந்தால் ஐந்து மிஷினும் ஒரு நொடி நிற்கும்.

குறையாகச் சிலர் நினைக்கக்கூடியதையும் சொல்கிறேன். நடுவில் செய்தி வரும், பேச்சு நிகழ்ச்சி வரும். பாட்டு மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு அந்த இடைவெளி பிடித்திருக்கிறது. காது ஓய்ந்து அடுத்த பாட்டுக்குப் பசியெடுக்கிறது. புதுப்பாட்டு வந்த அன்றே கேட்கவேண்டும் என்றாலும் இது போதாது.

பிடிப்பதுதான் பெரிய வேலை. மரமில்லாத மலை என்று நம் ஊரைச் சொல்வார்கள், எஃப்.எம். அலை நேர்கோட்டில் போவதால் அந்த மலைகளைத் தாண்டாது. சென்னையோ நூற்று நாற்பது கிலோமீட்டருக்குப் பக்கம். மத்திய அலையில் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை நிலையம் தூரம் பார்க்காமல் வரும். என் மாமனார் காலத்தில் அதைத்தான் கேட்டோம். ஆனால் தையல் மிஷினுக்கு மோட்டார் போட்ட பிறகு, பெடலை மிதித்தாலே செட்டில் கரகரவென்று இரைச்சல். மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் பறக்கிற பொறியை மத்திய அலை அப்படியே வாங்கிக்கொள்ளும், எஃப்.எம். அவ்வளவாக வாங்காது. அதனால் இப்போது ஆகாசவாணியின் செயலியைப் பழைய போன் ஒன்றில் போட்டு, புளூடூத் ஸ்பீக்கரோடு சேர்த்துவிட்டோம். அந்தப் போனில் அழைப்புக்கான சிம் இல்லை, கடையின் வைஃபை மட்டும்தான். கரண்ட் போனால் வைஃபையும் போகும், கடை மௌனமாகிவிடும். அதற்காக முந்நூறு, நானூறு ரூபாயில் பேட்டரி போடுகிற சின்ன எஃப்.எம். செட் ஒன்றும் மேசை டிராயரில் இருக்கிறது.

மாதச் செலவு என்று தனியாக எதுவும் இல்லை. பில் போடுவதற்கும் வடிவம் அனுப்புவதற்கும் எப்படியும் வைஃபை வேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று மாத அனுபவம்தான் இது. வருடம் முழுக்க, மழைக்காலத்தில் நெட் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முழுசாகச் சொல்லமுடியும். தினமும் காரில் போகிறவர்கள் என் பேச்சைக் கேட்கவேண்டாம், உங்களுக்காக அடுக்கியதே தனியார் எஃப்.எம்.தான். கடை, கிளினிக் வைத்திருப்பவர்கள் எதை எடுப்பதற்கு முன்னாலும் மூன்று நாள், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை வருகிற பாட்டுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் நாள் தாளையும் மூன்றாம் நாள் தாளையும் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு முந்தின பத்து நாள் மட்டும் ராத்திரி பதினொன்று வரை மிஷின் ஓடும். போன வருடங்களில் அந்த ராத்திரிகளில் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்: ஒன்பது மணிக்கு மேல் தனியார் எஃப்.எம்.மே வேறு நிலையம் மாதிரி ஆகிவிடுகிறது, பேச்சு குறைந்து, விளம்பரம் குறைந்து, மெலடி மேல் மெலடி. இந்தத் தீபாவளிக்கும் ஒன்பது அடித்ததும் டிராயரிலிருந்து அந்தச் சின்ன செட்டை எடுத்து மேசை மேல் வைக்கச் சொல்லி பாய் இப்போதே கேட்டிருக்கிறார்.